தற்புகழ்ச்சியின் ஐந்தாம் விலக்கு: கரிசல் நாவலாசிரியர் குறித்த ஓர் ஆய்வு

1. நோக்கமும் எல்லையும்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கனின் ஆதரவில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் வகுக்கப் புகுமுன்னே சில நடைமுறைச் சிக்கல்களைப் பாயிரத்தில் தீர்த்துவைத்தார். நூல் எப்படி இருக்க வேண்டும், அதற்கு யார் யார் பாயிரம் பாடலாம், எழுதியவன் தன்னைப் பற்றி எவ்வளவு பேசலாம் என்பவை அவை. அன்று முதல் மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். புத்தகம் விற்கப் புறப்படுகிறவர் எவரும் இதைக் கைநூலாக வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை, கோவில்பட்டியும் அதைச் சுற்றிய கரிசல் பூமியும். வட்டார நாவலுக்குக் கால்கோள் விழா நடந்தது கொங்கு நாட்டில்தான், ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942இல் வந்தது. ஆயினும் சதுர மைலுக்கு எத்தனை எழுத்தாளர் என்ற கணக்கில் கோவில்பட்டியை மிஞ்ச ஊர் இல்லை. பக்கத்து இடைசெவல் கிராமம் ஒன்றே கு. அழகிரிசாமியையும் கி. ராஜநாராயணனையும் தந்தது, இருவரும் சாகித்திய அகாதெமி விருதாளர்கள். பின்னர் பூமணி 2014இலும், சோ. தர்மன் 2019இலும் அதே விருதைப் பெற்றார்கள். ஆகவே இந்தப் பூமியில் ஒருவர் “நான் நாவல் எழுதுகிறேன்” என்றால் யாரும் வியப்பதில்லை. “அகாதெமி வாங்கியாச்சா?” என்றுதான் கேட்கிறார்கள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நாவலாசிரியர் தனி ஒருவரல்லர். பலரை வடித்தெடுத்த சாறு. அவருக்குப் பகலில் ஓர் உத்தியோகம், இரவில் ஒரு நாவல், கட்டிலுக்கு அடியில் முந்தைய நாவல்.

2. கருதுகோள்

எவ்வளவு பெரிய நூலைச் செய்து முடித்தாலும் புலவன் தன்னைத் தானே புகழ்வது தகாது என்பது நன்னூலின் விதி. அடுத்த நூற்பாவிலேயே நான்கு விலக்குகள் வருகின்றன. அரசவைக்கு ஓலை எழுதும்போது புகழலாம். தன் ஆற்றலை உணராதவர் நடுவில் புகழலாம். அவையில் வெல்ல வேண்டிய நேரத்தில் புகழலாம். எதிரி பழித்தபோது புகழலாம். விதி தவத்தால் வந்தது. விலக்குகள் அனுபவத்தால் வந்திருக்க வேண்டும்.

நம் கருதுகோள் இது: இன்றைய நாவலாசிரியர் விதியை ஒருபோதும் மீறுவதில்லை. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை விலக்குகளுக்குள்ளேயே குடியிருக்கிறார்.

3. விலக்குகள்: கள ஆய்வு

3.1 அரசவைக்கு ஓலை. மன்னர்கள் போய்விட்டார்கள், பொது நூலகத் துறை இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது; நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குவது அப்பணத்தில். ‘நூலக ஆணை’ என்ற இரு சொற்களை உச்சரிக்கும்போது மட்டும் பதிப்பாளர்களின் குரல் கர்ப்பகிரகத்தில் நிற்பவர் குரல்போல் இறங்கிவிடுகிறது. இந்த ஓலைக்கும் விருது விண்ணப்பங்களுக்கும் ஆசிரியரின் தன்விவரக் குறிப்பு வேண்டும். ‘கரிசல் மண்ணின் அசலான குரல் இவர்’ என்று தொடங்கும் அக்குறிப்பைப் படர்க்கையில் எழுதித் தருபவர் அவரேதான். ‘நான்’ என்று எங்கும் வராததால் தற்புகழ்ச்சி நிகழவில்லை என்பது மரபு.

3.2 உணராரிடை. இவ்விலக்கின் பரப்பு மிகப் பெரிது. வீடு, தெரு, அலுவலகம், கல்யாண மண்டபம், ரயிலில் எதிர் இருக்கை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். சம்பந்தி வீட்டார் “தம்பி என்ன செய்றாக?” என்று கேட்கையில், “பேங்க்ல இருக்காக” என்று வீட்டம்மா சொல்லிவிடுகிறார். “கதையும் எழுதுவாக” என்பது ரத்த அழுத்தம் பற்றிய தகவலைச் சொல்லும் தொனியில் பின்னால் வருகிறது. அந்த இடைவெளியில் ஆசிரியரே பேச நேர்கிறது. பவணந்தியார் இதை முன்னுணர்ந்துதான் அனுமதித்திருக்கிறார் என்று கொள்வதில் தடையில்லை.

3.3 அவையில் வெல்லும் பொழுது. அவை என்பது இன்று நூல் வெளியீட்டு விழா. சிறப்பு விருந்தினர் நேற்றிரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் வரும்போதே நாவலைப் படித்து முடித்ததாகச் சொல்லிவிட்டு, தம் பால்யகாலத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசுகிறார். இரண்டாமவர் அட்டைப்படத்தைப் பாராட்டுகிறார். மூன்றாமவர் கி.ரா.வைப் பற்றிப் பேசுகிறார். ஏற்புரைக்கு ஆசிரியர் எழும்போது கடைசி பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். எஞ்சியிருப்போர் உறவினர், நாற்காலிக்காரர், மைக்செட்காரர். இவர்களில் நாற்காலிக்காரர் மட்டுமே ஏற்புரையின் முடிவை ஆவலோடு எதிர்நோக்குகிறார்.

3.4 எதிரி பழித்தபோது. இவ்விலக்கைப் பயன்படுத்த முதலில் ஒரு பழிப்பவர் வேண்டும். அவர் கிடைப்பது அரிது. ஒழுங்காகப் பழிக்க வேண்டுமானால் படித்திருக்க வேண்டும். ஆகவே ஆசிரியர் பேஸ்புக்கில், ‘என் நாவல் குறித்துச் சிலர் பேசுவது காதுக்கு வந்தது’ என்று எழுதி, பெயர் சொல்ல விரும்பாத அந்தச் சிலருக்கு நீண்ட மறுப்பு வெளியிடுகிறார். கீழே, ‘நமக்கு எதிரிகள் அதிகம் அண்ணாச்சி, கவலைப்படாதீங்க’ என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். நாவல் வந்திருக்கும் சேதி அவர்களுக்கு அப்போதுதான் தெரிகிறது.

4. பாயிரம் பாடுவோர்

தன் ஆசிரியன், உடன் கற்றவன், மாணவன், உரைகாரன் என்னும் நால்வரே பாயிரம் சொல்ல உரியவர் என்கிறது நன்னூல். இன்றும் நால்வர்தான், வேலை மட்டும் பிரிந்திருக்கிறது. ஆசிரியன் நிலையிலுள்ள மூத்த எழுத்தாளர் முன்னுரை தர ஒப்புக்கொள்வார், ஆனால் தரமாட்டார். ‘முன்னுரைக்காக நிற்கிறது’ என்ற காரணத்தால் நூல் ஒரு புத்தகக் கண்காட்சியைத் தவறவிடும். உடன் கற்றவர் அணிந்துரை தருவார். அதில் பாதி இருவரும் சேர்ந்து படித்த கல்லூரி விடுதி பற்றியது. மாணவர் நன்றியுரையில் இடம்பெறுவார், ஏனெனில் கணினியில் தட்டச்சு செய்தவர் அவர். உரைகாரர் பின்னட்டையில் ஐந்து வரி எழுதுவார். அந்த ஐந்து வரிகளை அப்படியே எந்த நாவலின் முதுகிலும் ஒட்டலாம் என்பது கள ஆய்வில் தெரியவந்தது.

5. வழி

சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டியவற்றில் ‘வழி’ என்பதும் ஒன்று; நூல் எந்த முன்னோர் வழியில் வந்தது என்பது. விற்பனைக்கும் வழி உண்டு. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், முன்கூட்டியே கையொப்பக்காரர்களைத் திரட்டிப் பணம் சேர்த்தார். இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்று அறிவிக்கப்படுவது அதன் பேரன். 1920இல் பாரதி தம் எழுத்தையெல்லாம் நாற்பது நூல்களாக அச்சிட்டு, தீப்பெட்டியையும் மண்ணெண்ணெயையும்விடச் சாதாரணமாக வீடுதோறும் விற்கத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விட்டார். திட்டம் நிறைவேறவில்லை. கோவில்பட்டியில் இன்றும் தீப்பெட்டிகள் விற்கின்றன. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாயும் விற்கிறது. நாவலுக்கு அக்குறியீடு வாங்க இயலுமா என்று ஆசிரியர் ஒருமுறையாவது விசாரித்திருப்பார்.

6. அன்பளிப்புப் பிரதியின் வகைகள்

கு. அழகிரிசாமிக்கு மறைவுக்குப் பின் 1970ஆம் ஆண்டின் அகாதெமி விருதைத் தந்த தொகுப்பின் பெயரே ‘அன்பளிப்பு’. ஆசையோடு அன்பளிப்பு கேட்கும் ஒரு சிறுவன் அந்தத் தலைப்புக் கதையில் வருகிறான். அவனைப் போன்றவர் நடைமுறையில் அபூர்வம். பொதுவாகக் கிடைப்பவை பின்வரும் வகைகள்.

சட்டப் பிரதி: 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்கள் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதி போக வேண்டும். பெறுகிறவர்களில் “படிச்சிட்டுச் சொல்றேன்” என்று சொல்லாத நேர்மை இந்த நால்வருக்கே உண்டு.

மதிப்புரைப் பிரதி: இரண்டிரண்டாக அனுப்ப வேண்டும். ஒன்று மதிப்புரைக்கு; மற்றொன்று எதற்கு என்று இதுவரை எந்த ஆசிரியரும் கேட்டதில்லை.

உறவுப் பிரதி: தாய்மாமன் வீட்டு ஷோகேஸில் தலையாட்டி பொம்மைக்கு அருகில் வைக்கப்படும். தூசு தட்டப்படுவதால் இதன் ஆயுள் அதிகம்.

பண்டமாற்றுப் பிரதி: எழுத்தாளர்கள் தமக்குள் மாற்றிக்கொள்வது. இருவரும் படிப்பதில்லை என்ற சமநிலையால் நட்பு நீடிக்கிறது.

கைமாற்றுப் பிரதி: டீக்கடையில் பிறப்பது. “அண்ணாச்சி, ஒங்க பொஸ்தகம் வந்திருக்காம்ல? ஒண்ணு குடுங்க, படிச்சிட்டுத் தாரேன்.” இதில் ‘தாரேன்’ என்பது எதிர்காலத்துக்குப் பொதுவாக நேர்ந்துவிடப்பட்டது.

பொருளியலையும் இங்கே குறிக்க வேண்டும். ராயல்டி வழக்கமாக விலையில் பத்து விழுக்காடு. முந்நூறு ரூபாய் நாவலுக்கு முப்பது ரூபாய்; இரண்டு டீக்குச் சரியாக இருக்கும். பிரதி கேட்பவருக்கு டீ வாங்கித் தருவது ஆசிரியர் கடமை. பதிப்பாளர் தரும் சில பிரதிகள் தீர்ந்ததும், தம் நூலைத் தாமே சலுகை விலையில் வாங்குகிறார். எனவே ஒரு கரிசல் நாவலை மிகுதியாக வாங்கிய வாசகர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு இவ்வாய்வில் விடை கிடைத்துவிட்டது.

7. காலம், களம்

எழுதும் காலம், விடியற்காலை நான்கு மணி முதல் குழாயில் தண்ணீர் வரும்வரை. தண்ணீர் வராத நாளில் அதிகம் எழுதலாம் என்று தோன்றும். அன்று லாரித் தண்ணீருக்கு நிற்க வேண்டும். கரிசல் நாவல்களில் வறட்சி தத்ரூபமாக அமைவதற்கு இதுவே காரணம்.

விற்கும் களம், ஜனவரியில் சென்னை நந்தனம். 1977இல் தொடங்கிய கண்காட்சி. எல்லாக் கடையிலும் பத்து விழுக்காடு கழிவு. ஆசிரியர் தம் பதிப்பகக் கடையில் உட்காராமல், எதிரே சற்றுத் தள்ளி, வேறு நூலைப் புரட்டுவதுபோல் நிற்கிறார். யாராவது தம் நாவலைக் கையில் எடுத்தால் மூச்சை அடக்குகிறார். அவர் பின்னட்டையைப் படித்துவிட்டு அதை வைத்து, பக்கத்திலிருக்கும் சமையல் குறிப்பை எடுத்தால், “நல்ல புக்கு சார் அது” என்று அந்நியர்போல் பரிந்துரைக்கிறார். முதலில் வைத்ததையே சொல்கிறார். வாங்குபவர் சமையல் குறிப்பைச் சொல்வதாக எண்ணி மகிழ்ச்சியோடு போகிறார்.

8. கேட்போர்

பாயிர உறுப்புகளில் மிகவும் புறக்கணிக்கப்பட்டது இது. நாவலின் பேச்சுமொழியெல்லாம் யாருடையதோ அவர்கள் நாவல் வாங்குவதில்லை. வாங்குபவர்கள் சென்னையிலும் கோவையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பின்னிணைப்பில் சொற்பொருள் தர வேண்டியிருக்கிறது. நடுவே சென்னைப் பிழைதிருத்துநர் ஒருவர், “வாராக” என்பதையெல்லாம் ‘வருகிறார்கள்’ என்று மாற்றுவார். கி.ரா. தொகுத்த கரிசல் சொல்லகராதியைக் காட்டி ஆசிரியர் போராடி மீட்பார். இந்தப் போரில் இருதரப்பும் ஒவ்வொரு சொல்லையும் பார்த்துவிடுகின்றன. பருத்தியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

அதைப் பார்ப்பவர் ஒரு பெரியவர். எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. பேத்தி கையில் எப்படியோ ஒரு கைமாற்றுப் பிரதி கிடைத்து, சாயங்காலங்களில் திண்ணையில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். முழுதும் கேட்டுவிட்டு, ஆசிரியரைத் தெருவில் நிறுத்தினார்.

“ஏ தம்பி, ஒன் கதையில ஐப்பசியில வெதச்ச பருத்தி பொங்கலுக்கு முந்தியே வெடிக்கே. அது எந்த ஊருப் பருத்தி?”

“அது வந்து பெரியய்யா, கதைக்காக...”

“கதைக்காகப் பருத்தி வெடிக்குமாய்யா? மாசி பங்குனில்லா எடுப்பு. அந்தப் பிள்ளை பொங்கலன்னைக்குப் பருத்தி வித்த காசுல சேலை எடுத்தான்னு எழுதியிருக்க. அவ அடகு வச்சுல்லா எடுத்திருக்கணும்?”

முன்னுரை, அணிந்துரை, மதிப்புரை, வெளியீட்டு உரை அனைத்தையும் தொகுத்துப் பார்த்தாயிற்று. நாவலுக்குக் கிடைத்த ஒரே விமரிசனம் இதுதான். காலக்குற்றம் ஒன்றைக் காட்டியதோடு, அதைத் திருத்தினால் கதை எங்கே ஆழமாகும் என்றும் அது சொல்லிவிட்டது. 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியிலேயே இருக்கிறது. திண்ணைவரை போயிருந்தாலே போதும்.

9. முடிவுகள்

ஆசிரியர் அன்றிரவே அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். சேலை அடகுக்கு மாறியதும், மாமியாரின் குணம் மாறியது; மூன்று அத்தியாயங்கள் நகர்ந்தன. அதுவரை தமக்கே எட்டாமல் இருந்த நாவல் அப்போதுதான் அவர் கைக்கு வந்தது. பதிப்பாளருக்குப் போன் செய்தார். “திருத்தலாம் சார். இருக்கிற பிரதி தீரட்டும், அடுத்த பதிப்புல பாத்துக்குவோம்” என்றார் அவர். இருக்கிற பிரதிகளில் பாதி ஆசிரியரின் கட்டிலுக்கு அடியில்.

இதிலிருந்து பெறப்படுவன: (க) ஒரு நாவல் சரியாக எழுதப்படுவது அது அச்சான பிறகு. (ங) சரியான நாவல் வெளிவரத் தவறான நாவல் விற்றுத் தீர வேண்டும். (ச) தவறான நாவலைத் தவறு என்று சொல்லி விற்க இயலாது.

எனவே நன்னூலின் நான்கு விலக்குகளோடு ஐந்தாவது ஒன்றையும் சேர்க்க இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. பிழை திருத்தும் பொருட்டு முதற்பதிப்பைத் தீர்க்கும் பொழுதும் புலவன் தன்னைப் புகழலாம். ஏனைய நான்கும் புலவனின் மானத்தைக் காப்பவை. இது ஒன்றே நூலின் மானத்தைக் காப்பது.

வரும் ஜனவரியில் நந்தனத்தில், தோளில் துணிப்பை தொங்க, தம் நாவலைக் ‘கரிசலின் மகாபாரதம்’ என்று ஒருவர் கூசாமல் சொல்லி விற்பதைக் காண நேரும் ஆய்வாளர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இயன்றால் ஒரு பிரதி வாங்கவும். பருத்தியை மாசிக்குக் கொண்டுபோகும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.