பிள்ளையாருக்கு மாத வாடகை

அமெரிக்காவில் ஒரு வீட்டை விற்க வேண்டுமானால், அதில் இதுவரை மனிதர் யாரும் வசித்ததில்லை என்று வருகிறவர்களை நம்பவைக்க வேண்டும். தவணை கட்டி, புல் வெட்டி, பனி தள்ளி முதுகு ஒடிந்தவனே தன் தடயங்களைத் துடைத்துவிட்டு நிற்க வேண்டும். இதற்கு ‘ஸ்டேஜிங்’ என்று பெயர். 1972-இல் சியாட்டில் பக்கம் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற அம்மையார் தொடங்கிவைத்த கலை என்று சொல்கிறார்கள். அவர் நல்லவராகத்தான் இருப்பார். எங்கள் வீட்டைப் பார்த்திருக்க மாட்டார்.

எங்கள் நியூஜெர்சி வீட்டை விற்றுத்தர வந்த ஏஜென்ட் அம்மாள் வாசலைத் தாண்டவே கால் மணி நேரம் ஆயிற்று. எடிசன் ஓக் ட்ரீ சாலையில் வாங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், ஸ்டிக்கர் கோலம், கண்திருஷ்டி கணபதி, எலுமிச்சம்பழம், மிளகாய் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.

“வாங்க வருகிறவர் இந்த வீட்டில் தன்னைத்தான் பார்க்க வேண்டும். உங்களைப் பார்க்கக் கூடாது” என்றார்.

என்னைப் பார்க்காமல் இருப்பதே எல்லாருக்கும் நல்லது என்பது என் மனைவியின் நெடுநாள் கொள்கை. உடனே தலையாட்டினாள்.

மாடியில்தான் சிக்கல். எங்கள் பூஜை அறை என்பது, வீட்டைக் கட்டியவன் துண்டும் போர்வையும் அடுக்குவதற்கு வைத்த அலமாரி. கல்யாணப் பரிசாக வந்த வெங்கடாசலபதி, மளிகைக்கடைக் காலண்டர் லட்சுமி, யாரோ சபரிமலையிலிருந்து கொண்டுவந்த ஐயப்பன் என்று யார் வந்தாலும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவோம். சாமி படத்தை வெளியே போட யாருக்குத் துணிச்சல் வரும்?

“இங்கே துண்டுகள் இருக்க வேண்டும்” என்றார் ஏஜென்ட்.

எனக்கு எங்கிருந்தோ பக்தி பொங்கியது. பாஸ்போர்ட் தேடுவதற்கு மட்டும் அந்தக் கதவைத் திறக்கிற நான், பரம்பரை, பண்பாடு, நம்பிக்கை என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

“கடைசியா எப்ப விளக்கேத்தினீங்க?” என்றாள் மனைவி.

“கற்பூரம் ஏத்தினேனே!”

“ஸ்மோக் அலாரம் அடிச்சு, துண்டால விசிறிக்கிட்டு நின்னீங்க. அது தீபாவளிக்கு. எந்த தீபாவளின்னு ஞாபகமில்ல.”

பிரசங்கம் எடுபடவில்லை, சட்டத்தைப் பிடித்தேன். மதத்தைக் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்று 1968-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. ‘வீட்டை எங்களுக்கே தாருங்கள்’ என்று வாங்குகிறவர்கள் உருகி எழுதும் கடிதங்களைக்கூட ஏஜென்ட்கள் பலர் தொடமாட்டார்கள். ‘கிறிஸ்துமஸ் மரத்தை இந்த மூலையில் வைப்போம்’ என்று ஒரு வரி இருந்தால் போதும், எழுதியவரின் மதம் தெரிந்துவிடும்; வம்பு.

“அந்தச் சட்டம் வாங்குகிறவரைக் காப்பாற்றும். உங்கள் சாமியைப் பார்த்துவிட்டு ஒருவர் திரும்பிப் போனால், அவரைப் பிடித்து நிறுத்தச் சட்டம் இல்லை” என்றார்.

அடுத்து, மாலை போட்ட அப்பா படம். “இவர்... இந்த வீட்டிலேயா?” என்று குரலைத் தாழ்த்தினார். கும்பகோணத்தில் என்றேன். நிம்மதியடைந்து, அப்பாவையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். பெருங்காய டப்பாவும் சேர்ந்தது. வீடு விற்கும்வரை தாளிக்கக் கூடாது என்று உத்தரவு.

கூடத்துப் பிள்ளையாரையும் அலமாரிச் சாமிகளையும் குமிழித்தாளில் சுற்றி, மாத வாடகைக்கு ஒரு ஸ்டோரேஜ் அறையில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா தொலைபேசியில் விசாரித்தாள்.

“பிள்ளையாரை எங்கடா வச்சிருக்க?”

“தனி ரூம்ம்மா. ஏசி உண்டு.”

“உனக்கு வேலை போனப்பகூட உன்னை அவர் வெளியே அனுப்பலியேடா.”

மறுநாள் ஸ்டேஜிங் செய்கிற பெண் வேன் நிறையச் சாமான்களோடு வந்தாள். எலுமிச்சை கட்டியிருந்த ஆணியைப் பிடுங்கிவிட்டு, சமையல்மேடையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம் வைத்தாள். மிளகாய்தான் இல்லை. பிள்ளையார் இருந்த கூடத்து மாடத்தில் கழுத்தோடு நின்றுபோன ஒரு புத்தர் தலையை வைத்தாள்.

“இது மதம் இல்லையா?” என்றேன்.

“இல்லை, இது அமைதி.”

அமைதி நன்றாகத்தான் இருந்தது. வாங்கத்தான் ஆள் வரவில்லை. ஒருநாள் ஏஜென்ட் அம்மாள் என்னைத் தனியே அழைத்து, ஒரு சின்னப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். உள்ளே புனித சூசையப்பர். வீடு விற்காவிட்டால் அவரைத் தோட்டத்தில் தலைகீழாகப் புதைப்பது இந்த ஊர் வழக்கம். சிலை, ஜெபம், புதைக்கும் முறை எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியாகவே விற்கிறார்கள். வீட்டை விற்க முடியாதவனுடைய நம்பிக்கை அலமாரியை அடைக்கும் குப்பை; விற்றுத்தருகிறவருடைய நம்பிக்கை தொழில்நுட்பம். இதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. கமிஷன் இன்னும் பேசி முடியவில்லை. இருட்டியதும் குழி தோண்டினேன். பக்கத்து வீட்டு நாய் சாட்சி.

வீடு விற்றது. புத்தராலா, எலுமிச்சையாலா, விலையைக் குறைத்ததாலா என்று கேட்கக் கூடாது. விற்றபின் சூசையப்பரைத் தோண்டியெடுத்துப் புது வீட்டில் மரியாதையாக வைக்க வேண்டும் என்பதும் முறை. துடைத்துப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்தி, வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன்.

“தாடி வச்சிக்கிட்டு யாருடா அது?”

“சூசையப்பர்ம்மா. தச்சு வேலை செஞ்சவர். நம்ம வீட்டை வித்துக் கொடுத்தார்.”

“தொழில் தெரிஞ்ச சாமி. ஆயுத பூஜைக்கு அவர் பக்கத்துல உன் சுத்தியல், ரம்பம் எல்லாம் வச்சுப் பொட்டு வை.”

சுத்தியல் அடுத்த வீட்டுக்காரருடையது. ரம்பம் கிடையவே கிடையாது. இருந்த ஒரே ஸ்க்ரூடிரைவருக்குச் சந்தனம் இட்டு வைத்தேன். அதன் முனையும் தேய்ந்து போனதுதான். தச்சர் ஒன்றும் சொல்லவில்லை, “இதுக்குப் பேர் ஆயுதமா?” என்று மனைவிதான் கேட்டாள்.