கொசு வித்வானின் முதன்மை ரசிகன் எழுதிக்கொள்வது

வேளச்சேரி,
மார்கழி 12.

பெறுநர்: ஆண்டிறுதிப் பட்டியல் துறை, பாட்டுக் கேட்கும் செயலி நிறுவனம். (பெயர் எதற்கு? மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களுக்குத் தெரியும்.)

பொருள்: 2024இல் எனக்குப் பிடித்த ஆல்பம் எது என்பதை எனக்குத் தெரியப்படுத்தியமைக்கு நன்றி தெரிவித்தல்.

மகா கனம் பொருந்திய ஐயா,

என் ரசனையை என்னைவிட நன்றாக அறிந்த தங்கள் கணிப்பொறி இருக்கும் திசை எதுவோ, அந்தத் திசைக்கு முதலில் ஒரு கும்பிடு.

போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். சம்பந்தி கும்பகோணத்துப் பக்கம். சாமி புறப்பாட்டில் நாயனக்காரர் பின்னாலேயே நான்கு வீதியும் நடந்து வளர்ந்தவர். கல்யாணம் பேசிய நாளிலிருந்து அவரிடம் காம்போதி, கரகரப்பிரியா என்று பேசிப் பேசி எனக்கென்று ஒரு மரியாதையைச் சேர்த்து வைத்திருந்தேன். காபி வந்த நேரம் பார்த்து என் மகன் தங்கள் ஆண்டிறுதி அட்டைகளை டிவியில் போட்டான். கலர் கலராக வட்டங்கள் சுழன்றன, பின்னால் மேளம் முழங்கியது, பெரிய எழுத்தில் வந்தது: இந்த ஆண்டு உங்கள் மனம் கவர்ந்த ஆல்பம், 'கொசு விரட்டும் ஒலி: இரவு முழுவதும்'. கீழே சின்ன எழுத்தில், இந்தக் கலைஞரின் உலக ரசிகர்களில் முதல் ஒரு சதவீதத்தில் நான் இருக்கிறேன் என்ற வாழ்த்து.

சம்பந்தி பெரிய மனுஷர், சிரிக்கவில்லை. டபராவைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கென்ன சம்பந்தி, ஸ்ருதி விலகாமப் பாடுமே" என்றார்.

வேளச்சேரியில் கொசு எப்படி என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பேரன் வருகிற நாளெல்லாம் தொட்டில் பக்கத்தில் ஒரு டேப்லெட் இரவு முழுக்க அந்த ஒலியை ஓட்டிக்கொண்டிருக்கும். வீட்டுக்கே ஒரு கணக்கு, அது என் பெயரில். சத்தம் போட்டுக் கொசுவை விரட்ட முடியாது என்று ஆராய்ச்சிக்காரர்கள் பரிசோதித்துச் சொல்லி வெகு காலமாகிறது. கொசுக்களுக்கும் அது தெரியும் என்றே நினைக்கிறேன். டேப்லெட்டின் மேலேயே உட்கார்ந்து கேட்கின்றன. அந்த வகையில் அவைதான் முதல் ஒரு சதவீதம். நான் அவற்றுக்குப் பின்னால் வருகிறவன்.

இன்னொன்றும் தங்கள் மேலான கவனத்துக்கு. அந்த ஒலி மிக உச்ச ஸ்தாயி. அறுபதைத் தாண்டிய காதுக்கு அந்த உயரம் எட்டாது. பேரனுக்குக் கேட்கும், எனக்குக் கேட்காது. ஆக, 2024 முழுவதும் நான் உருகி உருகிக் கேட்ட ஆல்பம் என் காதில் விழவே விழாத ஆல்பம். எம்.டி.ராமநாதனின் கீழ் ஸ்தாயிக்காக உயிரை விடுகிறவனுக்குத் தாங்கள் கண்டுபிடித்துக் கொடுத்த வித்வான் இவர்!

தங்கள் சாஸ்திரம் எனக்குப் புரியாமல் இல்லை. முப்பது விநாடி ஓடினால் ஒரு கணக்கு. அப்புறம் யார் கேட்டார், எழுந்து போனாரா, தூங்கினாரா, ரசித்தாரா, அதெல்லாம் தங்களுக்கு அநாவசியம். பாட்டு ஓடுவது வேறு, மனுஷன் கேட்பது வேறு ஐயா. லப்பர் பந்து படத்தின் பாட்டு ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்று, திரும்பி வந்து முதலிலிருந்து போடுகிறேன். தங்கள் ஏட்டில் அது இரண்டு. கொசு வித்வான் ஒரே ராத்திரியில் அதைப்போலப் பல மடங்கு வாங்கிவிடுகிறார். இதை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒருத்தனுக்குப் பிடித்தது இதுதான் என்று அவன் வீட்டுக் கூடத்தில், அவன் சம்பந்தி முன்னால் டிவியில் போடுகிற தைரியம் எங்கிருந்து வந்தது? கேட்டீர்களா என்னிடம்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மன்னிக்க வேண்டும். தங்கள் சமூகத்தில் குரலை உயர்த்திவிட்டேன்.

எங்கள் காலத்தில் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தார். ரெக்கார்டிங் கடை அண்ணன். நோட்டிலிருந்து கிழித்த தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்தால், மேலிருந்து கீழே படித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். "தம்பி, இது உன் வரிசையில ஒட்டாது, வேற ஒண்ணு போட்டுத் தர்றேன், கேட்டுட்டு வந்து சொல்லு" என்பார். அறுபது நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு. கடைசியில் மிஞ்சுகிற ரெண்டு நிமிஷத்தை வீணாக்காமல் ஏதாவது படத்தின் பின்னணி இசைத் துண்டு ஒன்றை ஒட்டி அனுப்புவார், காசு வாங்கமாட்டார். 'ஹவ் டு நேம் இட்' என்றொரு ஆல்பம் 1986இல் வந்தபோது, சினிமாப் பாட்டு மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த என் கையில் அதைத் திணித்தவர் அவர்தான். அவரிடம் கணிப்பொறி இல்லை. நான் எந்தப் பாட்டைக் கேட்டு அசடு வழிகிறேன் என்பதைக் கவனித்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

சரி, தாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். 2024இல் எனக்குப் பிடித்தவை.

மெய்யழகன் முதலில். இசையமைத்த கோவிந்த் வசந்தா அடிப்படையில் வயலின்காரர். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தை எப்படி விட வேண்டும் என்று தெரிந்தவர். அதில் கமல்ஹாசனைப் பாட வைத்திருக்கிறார். பாட்டுப் பயிற்சி எடுத்த குரல் அழகாக அழுதுவிடும். இந்தக் குரல் அழுகையை அடக்கிக்கொண்டு பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஊரை விட்டுப் போனவன் திரும்பி வருகிற கதைக்கு அதுதான் சரியான குரல். கார்த்திக் நேத்தாவும் உமா தேவியும் பாட்டெழுதிய படம் அது. இதை எங்கே தெரிந்துகொண்டேன் என்றால், தங்களிடம் இல்லை. தங்கள் செயலியில் கதாநாயகர் படம் பளிச்சென்று இருக்கும். எழுதியவர் பெயருக்கு மூன்று புள்ளியைத் தட்டி, இன்னொன்றைத் தட்டி உள்ளே போக வேண்டும். அங்கேயும் சில நேரம் காலி. கேசட்டுக்குள் மடித்து வைத்த காகிதத்தில், எறும்பு ஊர்கிற எழுத்திலாவது பாட்டுக்குப் பாட்டு எழுதியவர் பெயர் இருந்தது. கொசு விரட்டும் ஒலிக்குப் பாடலாசிரியர் தேவையில்லை என்பதால் எல்லாருக்கும் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள் போலும்.

அடுத்தது லப்பர் பந்து. ஷான் ரோல்டனின் பாட்டுகள் நன்றாகவே இருந்தன. ஆனால் தியேட்டரில் கூரையைப் பிய்த்தது, 'அட்டகத்தி' தினேஷ் மட்டையோடு இறங்குகையில் ஒலித்த பழைய பொன்மனச் செல்வன் பாட்டு. 1989இல் வந்த படம், விஜயகாந்துக்கு இளையராஜா போட்டது. விஜயகாந்த் போய் ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில் ஊரே எழுந்து கைதட்டியது. இது எந்த ஆண்டின் ஆல்பம் என்று தங்கள் கணிப்பொறியைக் கேட்டுச் சொல்லுங்கள்.

ஜமா வந்ததே பலருக்குத் தெரியாது. தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டுகிறவன் அர்ஜுனன் வேஷத்துக்கு ஏங்குகிற கதை, இளையராஜா இசை. தங்கள் செயலி அதை ஒரு நாளும் என் கண்ணில் காட்டவில்லை. காட்டியதெல்லாம் 'இதைக் கேட்டவர்கள் இதையும் கேட்டார்கள்' என்ற தலைப்பில் எலி விரட்டும் ஒலி.

இந்த ஆண்டு, இறந்தவர்களெல்லாம்கூடப் பாடினார்கள். லால் சலாமில் பம்பா பாக்யாவும் ஷாகுல் ஹமீதும், 'கோட்' படத்தில் பவதாரிணி, வேட்டையனில் மலேசியா வாசுதேவன், எல்லாம் செயற்கை நுண்ணறிவின் உபயம். நல்லதா கெட்டதா என்று இன்னும் சண்டை நடக்கிறது. லால் சலாமுக்கு இசையமைத்த ரகுமான், பாடகர்களின் குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, சன்மானமும் கொடுத்துத்தான் செய்ததாகச் சொன்னார். அந்த மட்டுக்கும் மரியாதை. எனக்கு வாசுதேவன் குரலைக் கேட்டபோது சந்தோஷம் ஒரு நிமிஷம், சங்கடம் மீதி நேரம். இறந்தவர் பாடினதைக்கூடப் பதிவு செய்யத் தெரிந்த உலகத்தில், உயிரோடு இருக்கிற நான் கேட்டதைப் பதிவு செய்யத்தான் ஆளில்லை.

விடுதலை இரண்டாம் பாகத்தை இந்த வரிசையில் எங்கே வைப்பது? படம் டிசம்பர் 20 வந்தது. தங்கள் பட்டியல் டிசம்பர் முதல் வாரமே வந்துவிட்டது. தங்கள் ஆண்டு ஜனவரியில் தொடங்கிக் கார்த்திகையோடு முடிந்துவிடுகிறது. மார்கழி என்று ஒரு மாதம் தங்கள் பஞ்சாங்கத்தில் கிடையாது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் வருஷம் முழுக்கக் கேட்கிற சங்கீதத்தில் பாதியை இந்த ஒரு மாதத்தில்தான் கேட்கிறான். மத்தியானக் கச்சேரி என்றால் டிக்கெட் இல்லை, கூட்டமும் இல்லை. முன்வரிசையில் பாடுகிற பெண்ணின் அம்மா, இரண்டு தாத்தாக்கள், நான். போன வாரம் ஒரு சின்னப் பெண் அப்படிப்பட்ட அரங்கில் தோடி பாடினாள். மிருதங்கக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார். அதெல்லாம் தங்கள் ஏட்டில் ஏறாது, ஏற வேண்டாம்.

அந்தப் பெண் நாளைக்கு அதே தோடியைப் பதிவு செய்து தங்களிடம் ஏற்றினால் என்ன கிடைக்கும்? தங்கள் தொழிலின் பெரிய கம்பெனி ஒன்று, ஆண்டுக்கு ஆயிரம் தடவை ஓடாத பாட்டுக்குப் பணமே கிடையாது என்று 2024இலிருந்து விதி வைத்திருக்கிறது. எல்லாருடைய சந்தாவும் ஒரே உண்டியலில் விழுந்து, அதிகம் ஓடியவருக்கு அதிகம் என்று பிரிகிறது. நான் தோடிக்கென்று கட்டிய காசு கொசுவுக்குப் போகிறது. இது கொள்ளை, வேறு பெயர் இல்லை.

தங்களைச் சொல்லவில்லை. தாங்கள் வெறும் கருவி என்று தங்கள் வாடிக்கையாளர் சேவை நிலையமே எனக்கு எழுதியிருக்கிறது. ஆகவே மிகுந்த பணிவோடு மூன்று வேண்டுகோள்: பாட்டெழுதியவர் பெயரைப் பாடகர் பெயருக்குப் பக்கத்தில் போடுங்கள். பட்டியலைத் தை பிறந்த பிறகு அனுப்புங்கள். அனுப்பும் முன் 'இது சரியா?' என்று ஒரே ஒரு பொத்தான் வையுங்கள், நாங்களே அமுக்கிச் சொல்கிறோம்.

இதற்கெல்லாம் நேரம் இல்லையென்றால் பாதகமில்லை. மார்கழி மாதத்துச் சந்தாவை நேற்றுக் காலை ஐந்து மணிக்கு என் கணக்கிலிருந்து பிடித்துக்கொண்டதாக வங்கியிலிருந்து செய்தி வந்தது. அந்தப் பஞ்சாங்கம் மட்டும் தங்களிடம் சரியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுப்படி ரசிக்கும்,
சந்தாதாரர்.