தராசுக்கு முத்திரை

கரியாலூர் மலைக்கிராமத்தில் கடுக்காயோ சாமையோ வாங்கும் கடைக்காரர், தன் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை வாங்கியாக வேண்டும். தவறினால் அபராதம். மலையிலிருந்து மூட்டை சுமந்து வருகிறவருக்குப் பத்து கிராம் குறைந்தாலும் நஷ்டமல்லவா? ரொம்பச் சரி.

ஆனால் கோடிகள் புரளும் இடத்தில் இந்தக் கண்டிப்பு எங்கே? சென்னையில் ஆருத்ரா கோல்டு என்ற நிதி நிறுவனம் மாதம் 30 சதவீதம் வரை வட்டி என்றது. கந்துவட்டிக்காரரே கூசும் விகிதம்! சுமார் ஒரு லட்சம் பேர் கொட்டிய பணம் 2,438 கோடி ரூபாய் என்பது போலீஸ் கணக்கு. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997 முதலே அலமாரியில் இருந்தது; பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனைக்குக் கிளம்பியது 2022 மே மாதம். அதற்குள் கடுக்காய் கொடுத்தாகிவிட்டது.

நம்மவர்களை மட்டும் சொல்வானேன்? அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி 2008 செப்டம்பர் 15 அன்று திவால் மனு போட்டது. முந்தைய வாரம்கூட, தர நிர்ணய நிறுவனங்களின் ஏட்டில் அது ‘ஏ’ கிளாஸ். மார்க் போடுகிறவருக்குக் கூலி கொடுப்பவர், மார்க் வாங்குகிறவரேதான். இந்த ஏற்பாடு இன்றும் பெரும்பாலும் அப்படியே நடக்கிறது.

கரியாலூர்க் கடைக்கார அண்ணே, உங்கள் முத்திரைக் கெடு எப்போது முடிகிறது? சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டிவையுங்கள். உங்கள் கடைக்கு அதிகாரி கட்டாயம் வருவார்.