பால்கனியில் பெரட்டு

எங்கள் வீட்டில் தினமும் காலை ஆறரைக்குப் பெரட்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். டவுன்காரர்களுக்காகச் சொல்கிறேன்: விடியுமுன் ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு, நிரை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருசம் பால் வெட்டிய அம்மா, இப்போது அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடி பால்கனியில் அதை நடத்துகிறார். ஆட்கள், பதினாறு பூச்சாடிகள். தண்டல், கிராணி, துரை எல்லாம் அம்மாவே. தண்ணீர் தூக்குவது, மருந்தடிப்பது, திட்டு வாங்குவது நான்.

சாடி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்கியது நாலுதான். மற்றதெல்லாம் மைலோ டின், பெயிண்ட் வாளி, காது உடைந்த சோற்றுப்பானை. எல்லாவற்றின் அடியிலும் ஆணியால் அஞ்சு ஓட்டை.

ஆறடிக்கு மூன்றடி இடத்துக்கும் துண்டாடல் உண்டு. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்க, வேலையும் லயத்து வீடும் போய் ஜனங்கள் நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். என் பால்கனியைக் காப்பாற்ற அப்படி யாரும் வரவில்லை. ஒரு மூலையைத் துணி துவைக்கும் மெஷினுக்கென்று மனைவி எடுத்துக்கொண்டாள். நாற்காலி போட்டு டீ குடிக்கலாம் என்றிருந்த மூலையில் இப்போது நந்தியாவட்டை உட்கார்ந்திருக்கிறது.

ரோஜா கதை சின்னது. பசார் மாலாமில் ஆசைப்பட்டு வாங்கினேன், கேமரன் மலைச் செடி. ஏறக்குறைய 5,000 அடி உயரக் குளிரில் பிறந்ததற்கு மூன்றாம் மாடி உயரம் பத்தவில்லை. மூன்று வாரத்தில் குச்சியானது.

செம்பருத்தியோ அள்ளிக் கொடுத்தது, வம்பையும் சேர்த்து. ஊற்றிய தண்ணீர் ஓட்டை வழியாக மண்ணோடு இறங்கி, கீழ்வீட்டு மக்சிக் காயப்போட்டிருந்த வெள்ளைத் தெலெகோங்கில் விழுந்துவிட்டது. அவர் மாடியேறி வந்தார். சண்டைக்குத்தான் வந்தார். சாடியைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "பூங்கா ராயா இலை கொஞ்சம் கிடைக்குமா? பேரனுக்குக் காய்ச்சல், அரைத்து நெற்றியில் பற்றுப் போடணும்." 1960-இல் தேசிய மலரானது சும்மாவா? அம்மா கைநிறையப் பறித்துக் கொடுத்தார். தெலெகோங்கை நான் துவைத்துக் கொடுத்தேன்.

மறுபடி சொட்டாமலிருக்க ஒவ்வொரு சாடிக்கும் அடியில் தட்டு வைத்தேன். அறிவாளித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் டெங்கிச் சோதனைக்கு ஆள் வந்தார், கையில் டார்ச் லைட். எட்டாவது தட்டில் வெளிச்சம் நின்றது. நூல் துண்டு போல மூன்று புழுக்கள், லைட் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. "ஜெந்திக்-ஜெந்திக்," என்றார், பழைய நண்பரை அறிமுகப்படுத்துவது போல. 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி அபராதம் போடலாம் என்றும் விளக்கினார். மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன், ஒரு புழு 166 வெள்ளிக்கு மேல் வருகிறது. அம்மா என் பக்கம் நிற்பார் என்று திரும்பினால், அவர் அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "பால் வெட்டாத நாள்ல மங்கக் கவுத்து வைக்கணும், இல்லன்னா மழத்தண்ணி நின்னு கொசு முட்ட வைக்கும். எழுதப் படிக்கத் தெரியாத எங்களுக்கே தெரியும் சார். இவன் டிகிரி." பரிதாபப்பட்டு எச்சரிக்கையோடு விட்டுவிட்டார். தட்டில் இப்போது மணல்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டது மல்லிக்காக. அதுவோ ஏப்ரல் வந்தால் பூப்பதை நிறுத்திவிடும். உரம் மாற்றினேன், மண் மாற்றினேன், வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றி வீட்டையே நாறடித்தேன். கிளையைக் கழிக்க மனம் வராமல் நின்ற என் கையிலிருந்து கத்தரியைப் பிடுங்கி, அம்மா பாதிக்கு வெட்டினார். புதுத் துளிரில்தானே மொட்டு வரும்! துளிர் வந்தது, மொட்டு வரவில்லை.

"வெயில் இல்லாம எப்படிடா பூக்கும்? ஏப்ரலுக்கு மேல இங்க மோர் மொளகாகூடக் காயாதே."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு அஞ்சு பாகைக்குள் வடக்கே இருக்கிறது. எங்கள் பால்கனி தெற்குப் பார்த்தது. ஏப்ரல் தொடக்கத்தில் உச்சி தாண்டி வடக்கே போகும் சூரியன், செப்டம்பரில்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

"ஏம்மா, மூணு வருசமாச் சொல்லல?"

"நீ உரத்தப் பத்தித்தான கேட்ட."

ஆக, ஏப்ரலில் மல்லியைத் தூக்கி வடக்கு வாசல் அஞ்சடியில் வைப்போம், செப்டம்பரில் திரும்பக் கொண்டுவருவோம். போன வாரம்தான் அங்கே குடிபெயர்ந்தது. பெரட்டும் கூடவே வாசலுக்கு மாறிவிட்டது.

இன்று காலை அம்மா ஒவ்வொரு கிளையாகத் தொட்டு மொட்டு எண்ணினார். நாற்பத்தொன்று.

"நேத்து சாயந்தரம் நாப்பத்தி மூணு இருந்துச்சே," என்று என்னைப் பார்த்தார். நான் மனைவியைத் தேடினேன். அவள் பால்கனியில் மெஷினுக்குள் தலையை விட்டு ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். கொண்டையில் இரண்டு பூ.