மருமோனுக்கு ஒரு சொல்

வா மருமோனே. கொட்டாஞ்சேனையில பிறிட்ஜ் பழகிப்போட்டு, வெள்ளவத்தைக் கிழவங்களோட 304 கடுதாசி விளையாட வந்திருக்கிறாய். நல்லது, எங்களுக்கும் பொழுதுபோக வேணும்தானே.

உன்ரை பிறிட்ஜைப் பற்றி நானும் கேள்விப்பட்டனான். 1925இல வாண்டர்பில்ட் எண்ட அமெரிக்கக் கோடீஸ்வரர் கப்பலில போகேக்கை அதின்ரை புள்ளிக் கணக்கைத் திருத்தி அமைச்சவராம். அதுதான் அவ்வளவு சொகுசு! துரும்பு என்னெண்டு நாலு பேருக்கும் தெரியும். ஏலம் கேட்டவனுக்கு இடப்பக்கம் இருக்கிறவன் முதல் கடுதாசியை இறக்கினதும், கேட்டவன்ரை பாட்னர் தன்ரை 13ஐயும் மேசையில விரிச்சுப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். முழு இருட்டு அந்த முதல் இறக்கத்துக்கு மட்டும்தான். அதுக்கே புத்தகம் புத்தகமாய் எழுதி வைச்சிருக்கிறாங்கள்.

எங்கடை 304இல துரும்பே கவிண்டு கிடக்கும். அதுக்குள்ள நீ, ஆட்டின் நாலு கிடக்கெண்டு ஜாக்கைத் தூக்கி மேசை அதிர அடிக்கிறாய். ஆட்டின் மொத்தம் எத்தினை? எட்டு. உன்னட்டை நாலு. மிச்ச நாலும் மூண்டு பேருக்குள்ள. கேட்டவனிட்டை ஆட்டின் இல்லையெண்டால் ஒண்டைக் கவிட்டுப் போடுவான், துரும்பு நிமிரும், உன்ரை 30 புள்ளி அவனுக்குச் சீதனம். உன்னை நம்பிப் பாட்னர் 9ஐப் போட்டிருந்தால் அந்த 20உம் சேர்த்தி. மொத்தம் 304 புள்ளியில 160 கேட்டவனை விழுத்த 145 எடுக்கவேணும். நீ முதல் இறக்கத்திலயே 50ஐக் குடுத்துட்டு என்ரை முகத்தைப் பார்க்கிறாய்.

ஜாக்கோட ஒரு 7 மட்டும் நிண்டால் அந்த ஜாக்கை அடி, வெட்டுப்படுறது குறைவு. ஜாக்கே இல்லையோ, ஒற்றையாய் நிக்கிற 8ஐ இறக்கு. பாட்னரிட்டை ஜாக் இருந்தால் பிடிச்சு, திருப்பி அதையே தருவான். நீ கவிட்டு வெட்டிப் பார்க்கலாம். துரும்பு எதுவோ? முதல் நாலு கடுதாசியைப் பார்த்தவுடன எதிராளி படக்கெண்டு கேட்டவனோ, மூக்கைச் சொறிஞ்சு கேட்டவனோ? அதைப் பார்த்திருக்கவேணும். நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தனீ.

இன்னொண்டு. பாட்னரோட கதைக்கக் கூடாது, அது சட்டம். ஆனால் இருமலுக்கு ஒருத்தரும் சட்டம் போடேல்லை. உனக்கு எதிரில இருக்கிற ஐயா இரண்டு தரம் இருமினால், நெஞ்சுச்சளி எண்டு நினைச்சு மல்லித்தண்ணி குடிக்கச் சொல்லாதை. கிளாவரை இறக்கு. அந்த நேரம் பார்த்துக் கரையோட ரயில் போய் இருமல் கேக்காமல் விட்டால், நான் பொறுப்பில்லை.