சோபா போட்ட ரூம்

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் "உடம்புக்கு என்ன?" என்று கேட்பதில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜையில் வைத்த கையோடு, "கேஷ்லெஸ்ஸா, கட்டிட்டு வாங்கறதா?" என்கிறார்கள். கேஷ்லெஸ் என்றால் முகத்தில் ஒரு நிம்மதி. கட்டிவிட்டு வாங்குவது என்றால் குரல் துக்கம் விசாரிக்கிற தினுசுக்கு இறங்கிவிடும். எங்கே கைமாற்று கேட்டுவிடுவோமோ என்று அவர்களுக்குத் திடீரென ஒரு அவசர வேலையும் ஞாபகம் வந்துவிடும்.

திருக்குறளில் 'மருந்து' 95ஆவது அதிகாரம். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே வைத்தியம் என்று அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் கணக்கை முடித்துவிட்டார். சித்தப்பாவுக்குப் பித்தப்பையில் கல் வந்தபோதுதான் ஐந்தாவதாக ஒருவர் இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. தரைத்தளத்தில், பார்மசிக்கும் கேண்டீனுக்கும் நடுவே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குடியிருக்கும் இன்சூரன்ஸ் டெஸ்க். அது தலையாட்டாமல் மற்ற நாலும் அசையாது.

சித்தப்பா கூட்டுறவு சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இருந்தால் 5 லட்சம் வரை சிகிச்சை. வங்கி வட்டியும் மாடி போர்ஷன் வாடகையும் சேர்ந்து சித்தப்பாவை அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துவிட்டன. இன்னும் கொஞ்சம் ஏழையாக இருந்திருந்தால் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். இன்னும் நிறையப் பணம் இருந்திருந்தால் அவரே பார்த்துக்கொள்வார். ரெண்டுங்கெட்டானுக்கு வரும் பித்தப்பைக் கல்லை யாரும் பார்த்துக்கொள்வதில்லை.

"ஜி.எச்.சுக்குப் போகலாமே சித்தி, அங்கேயும் இதே ஆபரேஷன்தான்" என்றேன். 

"நல்லாச் சொன்ன போ! சம்பந்தி வீட்டுல வந்து பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றாள் சித்தி. அப்படியாக, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏசியும் டிவியும் சோபாவும் போட்ட ரூம் முடிவாயிற்று. வாடகை நாளுக்கு 6,000. ஐயாயிரத்தைத் தாண்டிய ரூம் என்பதால் அதன் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி. 2022 ஜூலையில் வந்த ஏற்பாடு.

சித்தப்பாவின் பாலிசி 3 லட்சம். அதில் ரூம் வாடகைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய்தான் வரம்பு. டெஸ்க்கில் இருந்த பெண் பணிவாகச் சொன்னாள்: "ரூம் லிமிட் தாண்டிட்டீங்க மேடம். ப்ரொபோர்ஷனேட் டிடக்ஷன் ஆகும்."

"மிச்ச மூவாயிரத்தை நாங்க போட்டுக்கறோம்மா."

"அது மட்டும் இல்ல மேடம். மருந்து நீங்கலா, சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாத்துலயும் பாதிதான் வரும்."

சித்தி திகைத்துப் போனாள். "ஏம்மா, டாக்டர் அந்த சோபாவுல உட்காரவே இல்லையேம்மா!"

விஷயம் இதுதான். பெரிய ரூமில் படுத்தால் அதே டாக்டர், அதே தியேட்டர், அதே கத்திக்கு ஆஸ்பத்திரி கூடுதலாக வாங்கும். அந்தக் கூடுதலை நான் ஏன் தர வேண்டும் என்று கம்பெனி கேட்கும். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நியாயமே இல்லாமல் நடுவில் நிற்பவர் பித்தப்பைக்குச் சொந்தக்காரர்தான்.

போதாததற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒரு பட்டியல் உண்டு. பாலிசியில் தனியாகச் சொல்லாவிட்டால் கிடைக்காத 68 இனங்கள். மினரல் வாட்டர், டிவி கட்டணம், கூரியர் என்று போகிற அந்த வரிசையில் பிணவறைக் கட்டணமும் இருக்கிறது. ஆகவே உயிரோடு வெளியே வருவதே சிக்கனம். எங்கள் பில்லில் வெட்டுப்பட்டது கையுறை. கட்டுக் கட்டாகக் கையுறை. போட்டுக்கொண்டது அவர்கள் கை, காலியானது சித்தப்பா கை.

டிஸ்சார்ஜ் அன்று காலை ரவுண்ட்ஸில் டாக்டர், "வீட்டுக்குப் போகலாம்" என்று முதுகில் தட்டினார். சித்தப்பா வேட்டி மாற்றித் தயாராகிவிட்டார். டிஸ்சார்ஜுக்குக் கம்பெனி மூன்று மணி நேரத்துக்குள் அனுமதி தர வேண்டும் என்று 2024இல் விதியே வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று மணி நேரம் டாக்டர் தட்டியதிலிருந்து ஆரம்பிக்காது. பில் முடிந்து கம்பெனிக்குப் போனதிலிருந்து. பில் முடிய, மிச்ச மருந்து பார்மசிக்குத் திரும்ப வேண்டும். அங்கே சாப்பாட்டு நேரம். அன்று சாயங்காலம் வரை பூரண குணமடைந்த ஒருவர் அந்த சோபாவில் உட்கார்ந்திருந்தார். சோபாவுக்கு அதுதான் முழு உபயோகம்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி போயிற்று. சித்தி கேசரி கிளறினாள். புதுப்பிக்கும் நோட்டீஸ் வந்ததும் கேசரி கசந்தது. மூத்த குடிமக்களுக்குப் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் ஆணையத்தைக் கேட்க வேண்டும் என்று அந்த வருஷம் ஜனவரியில்தான் உத்தரவு போட்டிருந்தார்கள். கம்பெனி சட்டத்தை மதிக்கும் கம்பெனி. பத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தியிருந்தது.

ஏறுகிற விலை நம் கையில் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் மருத்துவச் செலவோடு மானச் செலவு என்று ஒன்றும் சேர்ந்தே வருகிறது. சித்தப்பாவின் சுகர் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருகிறார். 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக டெண்டர் விட்டு, தரம் சோதித்து வாங்கும் மாத்திரை. ஆனால் சித்தப்பா சிரித்துவிடுவார். "சும்மா குடுக்கறது சும்மாதான் இருக்கும். காசு குடுத்தாத்தான் மருந்து உடம்புல நிக்கும்" என்பது அவர் சித்தாந்தம். 

பிரீமியம் நோட்டீஸ் வந்த வாரம் சித்தி நேராக டாக்டரிடம் போய்க் கேட்டாள். "அதே மெட்ஃபார்மின்தான், அதே அளவுதான். தாராளமாகக் கொடுங்கள்" என்றுவிட்டார் அவர். அன்றிலிருந்து சித்தி இலவச மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி, கிழமை போட்ட டப்பாவில் நிரப்பி வைக்கிறாள். மாதம் பிறந்ததும் மருந்துக் காசை மட்டும் சித்தப்பாவிடம் தவறாமல் வாங்கிக்கொள்கிறாள். அடுத்த பிரீமியத்துக்கு அஞ்சலகத்தில் ஆர்.டி. ஓடுகிறது.

போன வாரம் மூணு மாச சுகர் ரிப்போர்ட் வந்தது. நன்றாக இறங்கியிருந்தது. சித்தப்பா அதை எங்கள் எல்லோரிடமும் காட்டி, "நான் சொன்னேன்ல? காசுக்கேத்த மருந்து!" என்றார்.

"ஆமாங்க, விலைகூட ஏறிப்போச்சு. அடுத்த மாசம் அம்பது ரூபா சேர்த்துக் குடுங்க" என்றாள் சித்தி.