கூடமே கோணல்

பூஞ்சேரிச் சந்திப்பில் காரை வலது பக்கம் ஒடித்தேன். இடது பக்கக் கதவு, ஊர் வந்துவிட்டது என்று நினைத்ததோ என்னவோ, தானாகத் திறந்துகொண்டது. திருக்கழுக்குன்றத்தில் வாங்கி மனைவி மடியில் வைத்திருந்த நுங்கு அத்தனையும் உருண்டு மாமல்லபுரத்தை நோக்கிப் போய்விட்டது. அவள் விழவில்லை. செங்கல்பட்டில் ஏறியதிலிருந்தே கதவுக்கு முதுகைக் காட்டி, என் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். என் வண்டியின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"ஸ்போர்ட்ஸ் காருன்னீங்களே, இதுதானா அந்த ஸ்போர்ட்ஸ்?" என்றாள்.

வண்டி, இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்போர்ட்ஸ் கார் என்று நான் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த உடம்பு. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டாகப் பிறந்தது. இதே சேசிஸைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஆக, என்னுடையது ஸ்போர்ட்ஸ் காருக்கு அண்ணன். 948 சிசி அண்ணன் என்பதால் திருக்கழுக்குன்றம் சாலையில் ஷேர் ஆட்டோக்கள் முந்தும்போது அந்த உறவை நான் வெளியில் சொல்வதில்லை.

இங்கே 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி இதைத் தயாரித்தது. தொழிற்சாலை வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம். அப்போது அது பழைய செங்கல்பட்டு மாவட்டம். என் வண்டி மண்ணின் மைந்தன். பின்னால் வந்த மார்க் 3க்கு நான்கு கதவு. நினைத்தாலே குலை நடுங்குகிறது.

மாமா வாங்கிய வண்டி. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த வீட்டில் ஓலைக் கொட்டகைக்குள் பல வருஷம் நின்றது. உப்புக் காற்றில் கருவாடு கெடாது, கார் கெடும். அது எனக்கு வந்தபோது இடது கதவின் பின்னோரம் தொங்கிப்போயிருந்தது. மூட வேண்டுமானால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, உள்ளே தள்ளி, இடுப்பால் ஓர் இடி இடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

முதலில் போன பட்டறையில் கதவைப் பார்த்ததும் ஒருவர் முழங்காலை முட்டுக்கொடுத்து, கதவின் நுனியை மேலே நெம்பினார். இன்னொருவர் ரப்பர் சுத்தியலால் தட்டினார். லாக்கு கொக்கியைக் கீழே இறக்கிப் பொருத்தி, "முடிஞ்சுது சார், பூ மாதிரி மூடும்" என்றார்கள். பூ மாதிரிதான் மூடியது. பூ மாதிரியே திறந்தும் கொண்டது, பூஞ்சேரியில்.

நுங்கு போன அன்று, வந்ததற்கு ஏதாவது பார்க்கலாம் என்று ஐந்து ரதத்துக்குப் போனோம். நான் கதவுக் கண்ணோடுதான் பார்த்தேன். எல்லாம் பாறையிலேயே செதுக்கியவை. ஒட்டு இல்லை, இணைப்பு இல்லை, போல்ட்டு இல்லை. திரௌபதி ரதத்து வாசலின் இரண்டு பக்கமும் காவல் பெண்கள் நிற்கிறார்கள், கதவு இல்லை. எனக்குக் கதவு இருக்கிறது, காவலுக்கு மனைவி இருக்கிறாள். "பல்லவனுக்குப் புத்தி இருந்திருக்கு" என்றாள்.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு வயதான டிங்கர் மேஸ்திரி கிடைத்தார். அவர் கதவைத் தட்டவே இல்லை. பாதி திறந்து வைத்து, நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். கீல் முள் லேசாக ஆடியது. "இது தேய்மானம். லேத்துல புதுசா கடைஞ்சு போட்டுக்கலாம். ஆனா நோவு இது இல்ல சார்." லாக்கு கொக்கியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அது இருந்தால் கதவை இழுத்துப் பிடித்து உண்மையை மறைக்குமாம். கதவைச் சும்மா சாத்தி, தீக்குச்சி ஒன்றை எடுத்து இடைவெளியில் ஓட்டினார். மேலே ஒரு குச்சிகூட நுழையவில்லை. கீழே என் சுண்டுவிரல் நுழைந்தது.

"கதவு நேராத்தான் இருக்கு. வண்டிதான் நடுவுல குழிஞ்சிருக்கு."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று இத்தனை நாள் அந்தக் கதவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் கூடமே கோணல்.

இதற்குக் காரணம் இங்கிலாந்தில் ஒரு பங்காளிச் சண்டை. அங்கே டிரையம்ப்பின் தாய்க் கம்பெனியான ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி 1953இல் வாங்கிவிட்டது. இனி உங்களுக்குச் செய்து தர முடியாது என்று கைவிரித்தார்கள். முழு பாடியை ஒரே இடத்தில் செய்ய வழி இல்லை. துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, தனி சேசிஸின் மேல் போல்ட்டு போட்டு முறுக்கிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று, நடுவில் கதவு. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் துருப்பிடித்தாலோ, பாடிக்குக் கீழே இருக்கும் ரப்பர் நசுங்கினாலோ, நடுப்பகுதி இறங்கும். இரண்டு பாதியும் மேலே ஒன்றையொன்று பார்த்துச் சாயும். கதவு பாவம், சம்பந்திச் சண்டையில் மாட்டிய மாப்பிள்ளை மாதிரி நசுங்கும்.

மேஸ்திரி துருவைச் சுரண்டி, கைகளுக்குப் புதுத் தகடு வைத்து வெல்டிங் போட்டார். போல்ட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியால் பாடியைக் கொஞ்சம் தூக்கி, ரப்பர் இருந்த இடத்தில் லாரி டயர்த் துண்டும் தகடும் அடுக்கினார். ஒவ்வொரு தகடு வைத்ததும் ஜாக்கியை இறக்கி, நாலு சக்கரத்திலும் வண்டியை நிற்கவைத்துத்தான் பார்த்தார். ஜாக்கியில் இருக்கும்போது அளந்தால் அளவு பொய் சொல்லுமாம். அப்புறம் கீல், கடைசியில்தான் கொக்கி. முன்னவர்கள் முதலில் செய்ததை இவர் கடைசியில் செய்தார். மூன்று நாள் ஆயிற்று. டீ மட்டும் நாற்பது தாண்டியிருக்கும்; பாதி நான் குடித்தது.

இப்போது சுற்றிலும் இரண்டு தீக்குச்சி ஒரே சீராக ஓடுகிறது. ரப்பர் பீடிங்கில் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் காகிதம் பிடித்துக்கொள்கிறது. ஒரு விரலால் தள்ளினால் 'டப்' என்று மூடுகிறது. அந்தச் சத்தத்துக்காகவே தினமும் நாலைந்து முறை திறந்து மூடுகிறேன். எதிர்வீட்டுப் பெரியவர் யார் வந்தது என்று எட்டிப் பார்க்கிறார். மனைவி இன்னமும் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறாள்.

ஆனால் பட்டறையிலிருந்து நான் கிளம்பும்போது மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னார்: "டயர்த் துண்டு ரொம்ப நாள் தாங்காது சார்." ஆகவே, புதுப்பேட்டைப் பக்கமோ வேறு காயலான் கடைப் பக்கமோ போகிறவர்கள் பழைய ஹெரால்டு எதையாவது பார்த்தால், கதவைப் பார்க்க வேண்டாம், கதவு என்னிடம் நன்றாகவே இருக்கிறது. குனிந்து, பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் நசுங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டு வேண்டும்.